இடது கைக்கு ஒரு பிடி

"பீரோவுல இருக்கிற அந்தப் பெட்டியை எடுத்துட்டு வா."

என் கணவர் இப்படிக் கேட்டபோது நான் அடுப்படியில் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, இன்னது வேண்டும் என்று அவராக வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. காப்பி வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எதையாவது சொன்னால் "ம்" என்பார். அப்படி இருந்தவர் வாய் திறந்து கேட்கிறாரே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ நறுக்குவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவருடைய கைத்துப்பாக்கி.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் விவசாயக் குடும்பம். வீடு திண்டுக்கல்லில், நிலம் சேவுகம்பட்டிப் பக்கம். தென்னையும் தக்காளியும் வாழையும் போட்டிருந்தோம். காலையில் மோட்டார் சைக்கிளில் போனால் வெயில் சாய்ந்துதான் திரும்புவார். அவருக்குச் சீட்டாட்டம் கிடையாது, வேறு எந்தப் பழக்கமும் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் குறிபார்த்துச் சுடுவது. பன்றி விரட்ட வாங்கிய நாட்டுத் துப்பாக்கியில் ஆரம்பித்தது. பிறகு மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரோடு பழக்கமாகி, போட்டிகளுக்கெல்லாம் போக ஆரம்பித்தார். மெட்ராஸ் வரைக்கும் போய்க் கோப்பை வாங்கி வந்திருக்கிறார்.

ஐம்பதுகளின் கடைசியில் அந்த வெள்ளைக்காரர் விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போனபோது, இவருக்காக ஒரு பிஸ்டலுக்குச் சொல்லிவைத்தார். சிறிய தோட்டா போடுவது, போட்டிக்கென்றே உள்ளது. கம்பெனியில் செய்த துப்பாக்கிதான். ஆனால் அதை ஒரு கைதேர்ந்த ஆள் வாங்கி, குழலை மாற்றி, விசையை இழைத்து மெதுவாக்கி, குறி முள்ளைப் புதிதாக வைத்து, கேட்டவருடைய கைக்கு ஏற்ற மரப்பிடி போட்டுக் கொடுப்பாராம். அதற்காக இவருடைய வலது கையை ஒரு தாளில் விரித்து வைக்கச் சொல்லிப் பென்சிலால் நான்தான் வரைந்துகொடுத்தேன். மோதிர விரலில் பென்சில் பட்டதும் கூசிச் சிரித்தார். அந்தத் தாள் கடல் தாண்டிப் போய், ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துப் பிடியாக வந்தது. லைசென்சில் ஏற்றி, பெட்டியைத் திறந்து கையில் எடுத்தபோது உள்ளங்கைக் குழி எங்கே, கட்டைவிரல் சாய்வதற்கு மேடை எங்கே என்று ஒவ்வொன்றும் அப்படியே உட்கார்ந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் கீழே வைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த விபத்து நடந்தது. எங்கள் கிணற்றில் அப்போது ஆயில் என்ஜின்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட் நழுவுகிறது என்று கையால் தள்ளப் போயிருக்கிறார். வலது கையில் கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் போய்விட்டன. மிச்சமிருந்த இரண்டும் மடங்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து, கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தோம்.

வந்தவர் வேறு ஆள். முன்கூடத்தில் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று தட்டைப் பின்கட்டு அறைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் ஊட்டுகிறேன் என்று ஒரு நாள் உட்கார்ந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். பிறகு கேட்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் தம்பியிடம் கொடுத்தார். எனக்கு எதற்கு என்றார். எந்த வயல் யாருக்குக் குத்தகை, எந்தக் கிணற்றில் யாருக்குப் பங்கு என்று ஒரு மத்தியானம் முழுக்க என்னை உட்கார வைத்துச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நீ தனியா சமாளிச்சுக்கிருவேல்ல?" என்று கேட்டார். "செத்த நேரம் படுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். தோட்டா டப்பாவையும், தோட்டாவை அடுக்கிப் பிடிக்குள் செருகுகிற மேகசினையும் எடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு தகர டின்னில் போட்டுப் புளிப்பானையின் அடியில் புதைத்தேன். பீரோ சாவி என் இடுப்பில் ஏறியது. குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

கிணற்றுப் பக்கம் அவர் நடந்தால் பின்னாலேயே ஏதாவது சாக்கில் போவேன். கதவு சாத்திய அறைக்குள் சத்தம் இல்லாவிட்டால் பாத்திரத்தைத் தட்டி ஓசை எழுப்புவேன், அவர் "என்ன அது?" என்று கேட்கமாட்டாரா என்று. அவர் கேட்கமாட்டார். செருமுவார். அது போதும் எனக்கு.

வேடசந்தூரில் நூல் மில்லில் வேலை பார்த்த அந்தத் தம்பி, என் கொழுந்தன், லீவு நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவரிடம்தான் சொல்லி அழுதேன்.

"மதினி, அதை வீட்ல வச்சிருக்கவே கூடாது. ஸ்டேஷன்ல டெபாசிட் பண்ணிருவோம். நான் கூட வாரேன்" என்றார்.

"அவுககிட்ட என்னன்னு சொல்லுவேன்? நீங்க எதுவும் செஞ்சுக்கிருவீகளோன்னு பயந்து குடுத்திட்டேன்னா?"

அந்த வார்த்தையை வீட்டுக்குள் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும் என்பதுபோல் நாங்கள் இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை. துப்பாக்கி பீரோவிலேயே இருந்தது.

அந்தப் பெட்டியைத்தான் இப்போது கேட்டார். சாவியைக் காணவில்லை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இடுப்பில் தொங்குவது அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். கையில் ஒட்டிய பாகற்காய் விதையோடு அங்கேயே நின்றேன்.

பெட்டியைத் திறந்தார். மேகசின் இருக்க வேண்டிய குழி காலியாக இருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் துப்பாக்கியை எடுத்தார்.

பிடிக்கவே முடியவில்லை. வலது உள்ளங்கைக்காக மேடு வைத்த இடத்தில் இடது கை விரல்கள் போய் முட்டின. கட்டைவிரலுக்கான மேடை உள்ளங்கையில் குத்தியது. மாற்றிப் பிடித்தார். நழுவியது. மேஜையில் ஊன்றிப் பிடித்தார். குழல் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மறுபடி, மறுபடி. நெற்றியில் வியர்த்துவிட்டது. "ச்சே!" என்று கீழே வைத்தார்.

பிறகு பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிடியை மாத்தணும்" என்றார். "மதுரைக்குப் போவோம்."

அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? ஆசையா, வேறு ஏதாவதா? தெரியவில்லை. நானும் கூடப் போகாமல் இருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. அவரைத் தனியாக அனுப்பக் கூடாது.

பஸ்ஸில் போனோம். லைசென்சு அவர் சட்டைப் பையில், பெட்டி வைத்த துணிப்பை அவர் மடியில். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். எதிர் சீட்டில் ஒரு பொம்பளை கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு, "பையில என்ன, பலகாரமா?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

மதுரையில் துப்பாக்கி விற்கிற, பழுது பார்க்கிற லைசென்சுக் கடை. கடைக்காரருக்கு இவரைப் பழக்கம். கையைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனால் ஒன்றும் விசாரிக்காமல் நாற்காலி எடுத்துப் போட்டார். இவர் விஷயத்தைச் சொன்னதும் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"இடது கைக்காரர் ஒருத்தர் சொல்லி வரவழைச்சது. அவரு துப்பாக்கியையே வித்துட்டாரு, இது தங்கிப்போச்சு. கம்பெனிப் பிடி இல்லைங்க, பிடி மட்டும் செஞ்சு விக்கிற வேற ஆளு செஞ்சது. உங்க மாடலுக்குத்தான். ஆனா அப்படியே மாட்டுனா உக்காராது. அங்கங்க இழைக்கணும்."

பொட்டலத்தில் இரண்டு வாதுமை மரத்துண்டுகள் இருந்தன. பழைய பிடியைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் எல்லாம் மாறி இருந்தது. மேடு இடது பக்கம், கட்டைவிரல் மேடை வலது பக்கம்.

"விட்டுட்டுப் போங்க. நான் உக்கார வச்சுத் தாரேன்" என்றார் கடைக்காரர்.

இங்கேயே விட்டுவிட்டு வர இவருக்குப் புத்தி கொடு சாமி என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். அவ்வளவு நாளாவது அது எங்கள் வீட்டில் இருக்காதே!

"வேணாம். நானே உக்கார வச்சுக்கிறேன்" என்றார் என் கணவர். பிறகு, "ஒரு பாக்கெட் தோட்டா குடுங்க. இதுக்கு ஒரு மேகசின் கிடைக்குமா?"

"உங்ககிட்ட இருந்த மேகசின் என்னாச்சு?"

இவர் புதுப் பிடியைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார். கடைக்காரர் அலமாரியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்கு அந்த நேரத்தில் வேறு வழி தோன்றவில்லை.

"வீட்ல இருக்கு. தோட்டா, மேகசின் ரெண்டும் வீட்லதான் இருக்கு" என்றேன். கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கடைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அலமாரியைச் சாத்தினார்.

திரும்பும்போது பஸ் சமயநல்லூர் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும்."

"சரி."

அவ்வளவுதான். கேட்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட நான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பேன்.

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போனதும் சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து வேலையை ஆரம்பித்தார். ஆரம்பித்த உடனேயே தெரிந்துபோயிற்று, ஒரு கையால் ஆகிற வேலை இல்லை அது. திருப்புளியை வைத்துத் திருகினால் துப்பாக்கியும் சேர்ந்து திரும்பியது. வலது முழங்கையால் அழுத்திப் பார்த்தார். திருப்புளி வழுக்கிப் போர்வையில் குத்தியது.

"இங்க வந்து பிடி" என்றார்.

அது வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அதைத் தொட்டது இல்லை. சில்லென்று இருந்தது. நல்ல கனம். நான் இறுக்கிப் பிடிக்க, அவர் திருகினார். இடது பக்கத்து மரத்தை எடுத்ததும் உள்ளேயிருந்து மெல்லிய கம்பி ஒன்றும் ஒரு சின்ன நெம்புகோலும் போர்வையில் விழுந்தன.

"உடைஞ்சு போச்சா?" என்று பதறினேன்.

"இல்ல. அதை இந்த மரந்தான் அமுக்கிப் பிடிச்சிட்டிருக்கு. மரம் இல்லேன்னா விசை வேலை செய்யாது."

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அப்படியென்றால் மரம் பொருந்தாத வரைக்கும் பயமில்லை!

புது மரம் லேசில் பொருந்தவில்லை. எந்த இடத்தில் தட்டுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் கண்மை டப்பாவை எடுத்துட்டு வா" என்றார். விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து நான் செய்து வைத்திருந்த மை. அதை இரும்பின் மேல் விரலால் மெல்லிசாகத் தடவி, மரத்தை வைத்து அழுத்தி எடுத்தார். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே தட்டுகிறது என்று அர்த்தம். உடைந்த கண்ணாடிச் சில்லால் அந்த இடத்தை மட்டும் சுரண்டினார். மறுபடி மை, மறுபடி அழுத்தல், மறுபடி சுரண்டல்.

இடது கைக்கு அந்த வேலை புதிது. சில்லு கோணலாகப் போகும். நான் மரத்தை அவருக்கு வாகாகச் சாய்த்துச் சாய்த்துப் பிடிப்பேன். "மேல… இம்புட்டு இல்ல, கொஞ்சம்… அம்புட்டுத்தான்." மாசக்கணக்கில் சரியாகப் பேசாத மனிதர் ஒரு காலை நேரத்தில் அவ்வளவு பேசினார். மத்தியானம் மேஜையில் மரத்தூளைத் தள்ளிவிட்டு, "பசிக்குது, இங்கயே போடு" என்றார். என் எதிரில் உட்கார்ந்து இடது கையால் பிசைந்து சாப்பிட்டார். என்ன செய்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கண் மரத்தின் மேலேயே இருந்தது. நான் ரசம் ஊற்றப் போய், அவரையே பார்த்துக்கொண்டு மேஜையில் ஊற்றிவிட்டேன்.

சந்தோஷந்தானே பட வேண்டும்? பட்டேன். ஆனால் கறுப்புப் புள்ளி குறையக் குறைய, டின் இருக்கிறதா என்று புளிப்பானையைப் போய்ப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் மரம் இன்னும் கொஞ்சம் கெட்டியாக உட்கார்ந்தது. முழுதாக உட்கார்ந்துவிட்டால்? அவரைப் பேச வைப்பதும் இதுதான், நான் பயப்படுவதும் இதுதான். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது? ஒரு நாள் சில்லு வழுக்கி, திருகாணித் துளையின் ஓரத்தில் மரம் ஒரு செதில் பெயர்ந்தது. போச்சு, இனி உதவாது என்று நினைத்தேன். அவர் எழுந்து நாற்காலிக்குப் போய்விட்டார். அன்று முழுக்க மறுபடியும் அந்தச் சுவர்தான். அந்த ஒரு நாளில் எனக்குத் தெரிந்தது, அந்தச் சுவரைவிட இந்தத் துப்பாக்கியே தேவலை என்று. மறுநாள் காலையில் நானாகவே போர்வையை விரித்து, மரத்தைத் துடைத்து வைத்துவிட்டு, "இந்தச் செதிலை வச்சு ஒட்ட முடியாதா?" என்றேன். தச்சுப் பசை வாங்கிவரச் சொன்னார். ஒட்டி, நூலால் கட்டி வைத்தோம்.

அந்த வாரக் கடைசியில் கொழுந்தன் வந்தார். மேஜையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் அண்ணன் குளிக்கப் போயிருந்த நேரம்.

"என்ன மதினி செய்றீங்க? ஸ்டேஷன்ல குடுப்போம்னு சொன்னேன். நீங்களே உக்காந்து ரெடி பண்ணிக் குடுக்கிறீங்க!"

"பேசுறாகப்பா. சாப்பிடுறாக."

"நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் கேட்டதைத்தான் நான் ஒவ்வொரு நிமிஷமும் கேட்டுக்கொண்டிருந்தேன். போகும்போது வாசலில் நின்று, "அந்த டின்னை மட்டும் எடுத்துக் குடுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை முடிந்தது. உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் தடவி, இரண்டு பக்கத்தையும் திருகி மாட்டினார். இடது கையில் எடுத்தார். கட்டைவிரல் மேடையில் போய் உட்கார்ந்தது. கையை நீட்டி ஜன்னல் கம்பியைக் குறிபார்த்தார். கை ஆடவில்லை. கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நேருக்கு நேர்.

"நீ ஒளிச்சு வச்சதை எடுத்துட்டு வா."

நான் நகரவில்லை. இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"எதுக்கு?"

அவர் வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார், துண்டு இல்லாமல்.

"மொத நாள் பெட்டியைக் கேட்டேன்ல, அன்னைக்கு நீ பயந்தது சரிதான். அதுக்குத்தான் கேட்டேன்."

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"திறந்தேன். மேகசின் இல்ல. நீதான் எடுத்திருப்பேன்னு தெரிஞ்சிச்சு. சரி, சும்மா பிடிச்சுப் பாப்போம்னு எடுத்தேன். உக்காரல. எனக்குக் கோவம் வந்திருச்சு. எதுக்கு எடுத்தோங்கிறதே மறந்துபோச்சு. இதை எப்படி உக்கார வைக்கிறதுங்கிற யோசனைதான் ஓடுச்சு. ராத்திரி படுத்தாலும் அதே யோசனை." துப்பாக்கியைப் பார்த்தார். "இப்ப சுட்டுப் பாக்கணும்னு இருக்கு. அம்புட்டுத்தான்."

"சத்தியமா?"

"உன் கையிலயே வச்சுக்க. ஒண்ணொண்ணா நீயே குடு."

உள்ளே போய்ப் புளிப்பானைக்குள் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் புளி. டின்னோடு வந்தவளைப் பார்த்து, "புளிப்பானைக்குள்ளயா வச்ச? தோட்டாப் பித்தளை எல்லாம் பளபளன்னு இருக்குமே" என்றார். சிரிக்க வேண்டிய இடம். நான் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நிலத்துக்குப் போனோம். விபத்துக்குப் பிறகு அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை. என்ஜின் கொட்டகைப் பக்கம் திரும்பாமல் நடந்தார். நிலத்தை ஒட்டிய கண்மாய் வறண்டு கிடந்தது. உயரமான மண் கரை, பின்னால் ஆள் நடமாட்டம் கிடையாது. கரையில் குச்சி நட்டு ஒரு தாளைக் குத்தினார். டின்னை என் மடியில் கட்டியிருந்தேன்.

மேகசினை வாங்கிச் செருகினார். பாதியில் நின்றுவிட்டது. தட்டினார். போகவில்லை. வெளியே எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"திருகாணி நீட்டிக்கிட்டிருக்கு. புது மரத்துல துளை ஆழமா இருக்கு. அதான் பழைய திருகாணி உள்ள வந்து இடிக்குது. மேகசின் கையில இருந்திருந்தா வீட்லயே பாத்திருக்கலாம்."

கடவுளே வேண்டாம் என்கிறார் போல என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பையிலிருந்து அரத்தையும் குறட்டையும் எடுத்துவிட்டார். திருகாணியைக் கழற்றி, அதைக் குறட்டால் பிடித்துக்கொள்ள என்னிடம் சொல்லி, நுனியைத் தேய்த்தார். வெயிலில் குத்தவைத்து இரண்டு பேரும் ஒரு திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ஒன்று முடிந்து அடுத்தது. மாட்டிவிட்டு மேகசினைச் செருகியதும் "டக்" என்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது.

ஒரு தோட்டா கொடுத்தேன். அவர் மேகசினை மறுபடி உருவினார். அதில் போட நான்தான் ஸ்பிரிங்கை அழுத்த வேண்டியிருந்தது. அவர் மேகசினைச் செருகி, கரையைப் பார்த்து நின்று கையை நீட்டினார். நான் அவர் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

வெடித்தது. தென்னையிலிருந்து காக்கைகள் எழும்பின. தாளுக்கு வெகு கீழே மண் தெறித்தது.

"ம்ஹும்" என்றார். கையை நீட்டினார், அடுத்ததுக்கு.

இப்படியே கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்று குச்சியில் பட்டது. ஒன்று எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கடைசியாகத் தாளின் ஓரத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. மெட்ராஸில் கோப்பை வாங்கிய மனிதர் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப மோசம். பிடி இன்னும் கொஞ்சம் மேல இழைக்கணும்" என்றார். திரும்பும் வழியில் என்ஜின் கொட்டகையில் நின்று, வேலைக்காரனிடம் பெல்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்.

பிறகு ஒரு போட்டிக்குப் போனார். கடைசிக்கு முந்தின இடம். அதை வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னார், கொழுந்தனிடம் இரண்டு தடவை. தோட்டா மட்டும் என்னிடமே இருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசி முடிவெடுக்கவில்லை. அவர் கேட்பார், நான் எடுத்துக் கொடுப்பேன், திரும்பி வந்ததும் மிச்சத்தை என் கையில் தருவார். அவருக்கு வயதாகி, கண் மங்கி, அவரே அந்தத் துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்துவிட்டு வருகிற வரைக்கும் அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார்.

என் பயம் எப்போது போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் நிலத்துக்குப் போவேன். கரைப்பக்கம் ஒரு வெடி கேட்டால், அடுத்த வெடி கேட்கிற வரைக்கும் கையில் இருக்கிற வேலை அப்படியே நிற்கும். அடுத்தது கேட்டால்தான் மூச்சு வரும். இது வருஷக்கணக்கில் இருந்தது. ஒரு நாள் தக்காளி பறிக்க வந்த பொம்பளையோடு வரப்பில் உட்கார்ந்து, அவள் மகளுக்குப் பாலசமுத்திரத்தில் மாப்பிள்ளை பார்த்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள், இவள் என்ன சொன்னாள் என்று நீண்டு போய்க்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் என் கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தார்.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" என்றேன்.

"எப்பவோ முடிச்சாச்சே. உனக்குக் கேக்கலயா?" என்றார்.